அழைப்பு வந்த பிறகு: கல்லூரிக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் போவதா, இருப்பதா?

2024 ஜூன் மாதம் டேன் ஹர்லியின் முன் வந்து நின்ற கேள்வி, அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெயரெடுத்த பயிற்சியாளர்களில் பலரும் ஒருமுறையேனும் சந்தித்த கேள்விதான். அவர் பயிற்றுவித்த கனெக்டிகட் பல்கலைக்கழக அணி 2023, 2024 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்றிருந்தது. அந்த வெற்றியின் சூடு ஆறுவதற்குள், தொழில்முறைக் கூடைப்பந்தின் மிகப் புகழ்பெற்ற அணிகளில் ஒன்றான லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ், ஆறு ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 7 கோடி டாலர் தருவதாக அவரை அழைத்தது. வெள்ளிக்கிழமை அங்கே போய் அணியின் உரிமையாளரையும் பொது மேலாளரையும் சந்தித்துத் திரும்பிய ஹர்லி, திங்கட்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அடுத்த மாதம் கனெக்டிகட் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 5 கோடி டாலர் அளவில் புதிய ஒப்பந்தம் போட்டது. தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது 2 கோடி டாலர் நட்டம். ஆனால் இந்தத் தொழிலில் போனவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் பின்னால் என்ன நேர்ந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால், தொகை இந்த முடிவில் மிகச் சிறிய பங்கே வகிக்கிறது என்பது தெரியவரும்.

இந்த நிலையில் இருப்பவருக்கு நான்கு வழிகள் உண்டு: இருக்கும் கல்லூரியிலேயே இருப்பது, லேக்கர்ஸ் ஆடும் தொழில்முறைத் தொடரான என்பிஏவுக்குப் போவது, இன்னொரு பெரிய கல்லூரிக்கு மாறுவது, தொழிலையே விட்டுவிடுவது. முதல் இரண்டுமே உண்மையில் எடை போட வேண்டியவை என்பதால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றையே பேசும். உதவிப் பயிற்சியாளராக வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கும் இளைஞரைப் பற்றியது அல்ல இது. அவருக்குத் தெரிவு செய்யும் நிலையே பெரும்பாலும் வாய்ப்பதில்லை.

முதலில் வேலையின் தன்மையைப் பார்ப்போம், ஏனெனில் இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே பலர் ஏமாந்திருக்கிறார்கள். கல்லூரி அணி ஒரு பருவத்தில் முப்பதுக்குச் சற்று மேற்பட்ட ஆட்டங்களே ஆடுகிறது. என்பிஏ அணி, பட்டத்துக்கான கடைசிக் கட்டமான பிளேஆஃப் தொடங்குமுன்பே 82 ஆட்டங்கள் ஆடியாக வேண்டும். கல்லூரிகளுக்கான விதி, பருவம் நடக்கும்போது கட்டாயப் பயிற்சியை வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குள் அடக்குகிறது. குறைவாகத் தோன்றினாலும் அந்த 20 மணி நேரம் முழுமையாகப் பயிற்சியாளரின் கையில் இருக்கிறது. என்பிஏவிலோ இரவு ஆட்டம், நள்ளிரவு விமானம், மறுநாள் வேறு ஊரில் ஓய்வு என்று நாட்கள் கழிவதால், பருவம் தொடங்கிய பிறகு முழுமையான பயிற்சி அபூர்வமாகிவிடுகிறது. எனவே கற்றுக்கொடுப்பதில் இன்பம் காண்பவருக்குக் கல்லூரியும், ஆட்டத்தின் நடுவே முடிவெடுப்பதிலும் வளர்ந்த மனிதர்களின் மனநிலையைக் கையாள்வதிலும் இன்பம் காண்பவருக்கு என்பிஏவும் பொருந்தும். அப்படிப் பார்த்தால் கல்லூரியில் உச்சம் தொட்டவர்கள் பெரும்பாலும் முதல் வகையினர். என்பிஏ அவர்களை அழைப்பது அந்தத் திறமைக்காகத்தான். ஆனால் அந்தத் திறமையைக் காட்ட அங்கே நேரம் இருப்பதில்லை.

தோல்வியை எடுத்துக்கொள்ளும் விதமும் வேறு. மார்ச் மாதத்தில் 68 அணிகள் மோதும் தேசியத் தொடரில் ஒரு தோல்வியோடு வெளியேற வேண்டும். மூன்று வாரத்தில் ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றவர் வாழ்நாள் புகழ் பெறுகிறார். நல்ல கல்லூரிப் பயிற்சியாளர் ஓர் ஆண்டில் ஐந்தாறு முறை தோற்பார். அதே மனிதர் சுமாரான என்பிஏ அணிக்குப் போனால், கிறிஸ்துமஸ் வருமுன்பே பதினைந்து முறை தோற்றிருப்பார். அதைத் தாங்குவதற்கு ஆட்ட அறிவு உதவாது, வேறுவகை மனஉரம் வேண்டும். கடைசியாக அதிகாரம்: கல்லூரிக் களத்தில் மிக அதிகமாகச் சம்பாதிப்பவர் நெடுங்காலம் பயிற்சியாளராகவே இருந்தார், என்பிஏவில் அவர் தன்னைவிடப் பல மடங்கு சம்பாதிப்பவர்களுக்கு உத்தரவிட வேண்டும். ஹர்லி லேக்கர்ஸுக்குப் போயிருந்தால் அவருடைய ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 1.2 கோடி டாலர். அந்த அணியின் லெப்ரான் ஜேம்ஸ் அந்தப் பருவத்துக்குப் பெற்றது 4.8 கோடி டாலருக்கும் மேல்.

கல்லூரிக்கும் அதற்கே உரிய கசப்பு உண்டு என்பதைச் சொல்லாவிட்டால் ஒப்பீடு ஒருபக்கமாகிவிடும். பதினாறு, பதினேழு வயதுப் பையன்களின் வீட்டுக் கூடங்களில் உட்கார்ந்து, அவர்களுடைய தாய்மார்களிடமும் மாமன்களிடமும் பேசி, கோடை முழுவதும் ஊர் ஊராகப் போட்டிகளுக்கு அலைந்து வீரர்களைச் சேர்க்க வேண்டும். பணம் தரும் பழைய மாணவர்களின் விருந்துகளில் சிரித்த முகத்தோடு நிற்க வேண்டும். என்பிஏவில் இவை எதுவும் இல்லை. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் என்பிஏவின் கவர்ச்சி பணமும் புகழும் என்று நினைக்கிறார்கள். பல பயிற்சியாளர்களை உண்மையில் இழுப்பது, இந்த அலைச்சலிலிருந்து கிடைக்கும் விடுதலைதான் என்பது என் எண்ணம்.

இனி, போனவர்களின் கதை. இதற்கு பாஸ்டன் நகரத்தைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. ஒரே அணி, பதினாறு ஆண்டு இடைவெளியில், கல்லூரியிலிருந்து இரண்டு நட்சத்திரப் பயிற்சியாளர்களைக் கொண்டுவந்தது. ஒருவர் நொறுங்கிப் போனார், இன்னொருவர் இன்றுவரை அங்கேயே இருக்கிறார்.

1997இல் ரிக் பிட்டினோவுக்கு வயது 44. கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு 1996இல் பட்டம் வென்று தந்தவர். 1997இலும் இறுதி ஆட்டம் வரை கொண்டுபோனவர். என்பிஏவுக்குப் புதியவரும் அல்லர். 1987 முதல் 1989 வரை நியூயார்க் நிக்ஸை நன்றாகவே நடத்தியிருந்தார். முந்தைய பருவத்தில் 82 ஆட்டங்களில் 15 மட்டுமே வென்றிருந்த பாஸ்டன் செல்டிக்ஸ், பத்தாண்டுகளுக்கு 7 கோடி டாலர் தந்து அவரை அழைத்தது. தலைமைப் பயிற்சியாளர் பதவியோடு, அதுவரை அணியின் பிதாமகரான ரெட் அவர்பாக் வகித்துவந்த தலைவர் பதவியையும் கொடுத்தது. யாரை எடுப்பது, யாரை விற்பது என்ற முடிவும் பிட்டினோவினுடையதே. அந்த ஆண்டு டிராஃப்ட் குலுக்கலில், அதாவது புதிய வீரர்களை எந்த அணி முதலில் எடுப்பது என்று முடிவு செய்யும் குலுக்கலில், முதலிடம் கிடைத்தால் கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கனை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. குலுக்கல் சான் அன்டோனியோவுக்குப் போனது. பாஸ்டனுக்கு 3, 6 ஆகிய இடங்களே கிடைத்தன. மூன்றாவது இடத்தில் சான்சி பில்லப்ஸ் என்ற இளைஞரையும், ஆறாவது இடத்தில் தன்னிடம் கென்டக்கியில் ஆடிய ரான் மெர்சரையும் பிட்டினோ எடுத்தார்.

அதன்பின் அவர் செய்தவற்றில் கல்லூரிப் பழக்கம் அப்படியே தெரிகிறது. முழுக்களத்திலும் எதிரணியை நெருக்கிப் பிடிக்கும் தன் பாணியை 82 ஆட்டங்களுக்கும் கொண்டுபோனார். முதல் ஆட்டத்தில் நடப்பு வெற்றியாளர்களான சிகாகோ புல்ஸையே அது வீழ்த்தியது, ஆனால் மாதங்கள் செல்லச் செல்லக் கால்கள் தளர்ந்தன. கல்லூரியில் பிடிக்காத வீரர் நான்காண்டில் தானாகப் போய்விடுவார், புதியவர் வந்துவிடுவார். என்பிஏவில் அந்தச் சுழற்சி இல்லாததால், பிட்டினோ அதை விற்பதும் வாங்குவதுமாகத் தானே உண்டாக்க முயன்றார். பில்லப்ஸை ஒரு பருவம்கூட முழுதாக வைத்துக்கொள்ளாமல் டொரான்டோவுக்குக் கொடுத்துவிட்டார். 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு தோல்விக்குப் பிறகு, லாரி பேர்ட் போன்ற பழைய நாயகர்கள் யாரும் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வரப்போவதில்லை என்று செய்தியாளர்களிடம் பொரிந்து தள்ளினார். பாஸ்டன் ரசிகர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. 2001 ஜனவரியில் அவர் விலகியபோது கணக்கு 102 வெற்றி, 146 தோல்வி. ஒருமுறைகூட பிளேஆஃப் இல்லை.

பில்லப்ஸின் கதை அதோடு முடியவில்லை. 2004இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் மிகச் சிறந்த வீரர் அவர்தான். அந்த அணியின் பயிற்சியாளர் லாரி பிரவுன். 1988இல் கேன்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வென்று தந்தவர் பிரவுன். கல்லூரிப் பட்டம், என்பிஏ பட்டம் இரண்டையும் வென்ற ஒரே பயிற்சியாளர் அவரே. ஆனால் அவரைக் கல்லூரியிலிருந்து போனவர் என்று எண்ணுவது தவறு. தொழில்முறை ஆட்டத்தில் வளர்ந்து, நடுவில் கல்லூரிகளில் தங்கிப் போனவர் என்பதே சரி.

இப்போது 2013. பிராட் ஸ்டீவன்ஸுக்கு வயது 36. மருந்து நிறுவனமொன்றில் இருந்த வேலையை விட்டுவிட்டு, இண்டியானாபோலிஸின் பட்லர் பல்கலைக்கழகத்தில் ஊதியமில்லாத் தொண்டராகத் தொடங்கியவர். அந்தச் சிறிய கல்லூரியை 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளும் தேசிய இறுதி ஆட்டத்துக்குக் கொண்டுபோனார். 2010இல் டியூக் பல்கலைக்கழகத்திடம் 59–61 என்று தோற்றபோது, கார்டன் ஹேவர்ட் நடுக்களத்திலிருந்து எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது. செல்டிக்ஸின் மேலாளர் டேனி ஏஞ்ச் அவருக்கு ஆறு ஆண்டுகளுக்கு 2.2 கோடி டாலர் தந்தார். பிட்டினோவுக்குப் பதினாறு ஆண்டுகளுக்கு முன்பு எழுதப்பட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. வீரர்களைத் தெரிவு செய்யும் அதிகாரமும் இல்லை. அணியோ பழைய நட்சத்திரங்களை விற்றுவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கியிருந்தது. தோற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. முதல் பருவம் 25 வெற்றி, 57 தோல்வி. யாரும் பதறவில்லை. அடுத்த நான்கு பருவங்களில் 40, 48, 53, 55 என்று வெற்றிகள் ஏறின. 2021 வரை எட்டுப் பருவங்கள் பயிற்றுவித்து, மூன்று முறை கிழக்குப் பிரிவின் இறுதிக்குப் போய், பின்பு ஏஞ்ச் விலகியபோது அவர் வகித்த நிர்வாகப் பொறுப்பையே ஏற்றார். அவர் அமைத்த அணி 2024இல் பட்டம் வென்றது. பிட்டினோ வந்த முதல் நாளே கேட்டு வாங்கிய அதிகாரம், ஸ்டீவன்ஸுக்கு எட்டாண்டுகள் கழித்துத் தானாக வந்து சேர்ந்தது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான்: போகலாமா என்பதைவிட, போனால் எதைக் கேட்டுப் போவது என்பதே பெரிய கேள்வி. கல்லூரியில் வீரர்களைச் சேர்ப்பதும் பயிற்றுவிப்பதும் ஒருவரே என்பதால், அங்கிருந்து வருபவர் இரண்டும் தன் கையில் இருந்தால்தான் வெல்ல முடியும் என்று நம்புகிறார். ஜான் கலிபாரியும் அப்படித்தான் நம்பினார். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தை உயர்த்திய கையோடு, 1996இல் நியூஜெர்சி நெட்ஸுக்குப் பயிற்சியாளராகவும் கூடைப்பந்து நடவடிக்கைகளின் துணைத் தலைவராகவும் போனார். இரண்டாவது ஆண்டு 43 ஆட்டங்கள் வென்று பிளேஆஃபும் சென்றார். மூன்றாவது பருவத்தில் முதல் 20 ஆட்டங்களில் 17 தோற்றதும் அனுப்பப்பட்டார். பயிற்சியாளர் தோற்கும்போது மேலாளர் அவரைக் காப்பாற்றலாம். இருவரும் ஒரே ஆளாக இருந்தால் காப்பாற்ற யாரும் இல்லை.

அதிகாரம் கேட்காமல் போனவர்கள் எல்லோரும் வென்றார்கள் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஃபிரெட் ஹாய்பெர்க் பத்தாண்டுகள் என்பிஏவில் ஆடியவர், மினசோட்டாவின் நிர்வாகத்தில் வேலை பார்த்தவர். 2015இல் அயோவா ஸ்டேட்டிலிருந்து சிகாகோவுக்குப் போனார். நடுவில் நிர்வாகம் நட்சத்திர வீரர் ஜிம்மி பட்லரை விற்று அணியைக் கலைத்தது. 2018 டிசம்பரில் 115–155 என்ற கணக்கோடு அவர் வெளியே வந்தார். ஜான் பீலைனின் கதை இன்னும் வருத்தமானது. மிஷிகன் பல்கலைக்கழகத்தை 2013, 2018 இறுதி ஆட்டங்களுக்குக் கொண்டுபோன, பாடம் நடத்துவதுபோல் பயிற்றுவிக்கும் மனிதர். 66 வயதில், 2019இல், கிளீவ்லாண்ட் கவாலியர்ஸின் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். ஆட்டப் பதிவு பார்க்கும் கூட்டமொன்றில் வீரர்களை மெத்தனக்காரர்கள் என்று சொல்ல நினைத்தவர், வாய் தவறி ரவுடிகள் என்று பொருள்படும் சொல்லைச் சொல்லிவிட்டு, பின் அதற்காக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. கல்லூரியில் இத்தகைய தடுமாறலை மாணவர்கள் சிரித்து மறந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். 2020 பிப்ரவரியில், முதல் பருவம் முடியுமுன்பே, 14–40 என்ற நிலையில் அவர் விலகினார். ஸ்டீவன்ஸ் முதல் ஆண்டு தோற்றதும் பீலைன் முதல் ஆண்டு தோற்றதும் அளவில் அதிகம் வேறல்ல. கற்றுக்கொள்ளத் தன் முன்னே எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன என்பதுதான் வேறு.

பில்லி டானவனின் வழி நடுத்தரமானது, அதனாலேயே கவனிக்கத்தக்கது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு 2006, 2007 என்று இரண்டு பட்டங்கள் வென்றதும் ஒர்லாண்டோ மேஜிக் அணிக்கு ஒப்புக்கொண்டார். சில நாட்களிலேயே மனம் மாறி விடுவிக்கக் கேட்டார். ஐந்தாண்டுகள் என்பிஏவில் பயிற்றுவிப்பதில்லை என்ற நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். கேலி செய்தவர்கள் அன்று ஏராளம். ஆனால் 2015இல் அவர் மறுபடி கிளம்பியபோது நட்சத்திரங்களான கெவின் டுராண்டும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் ஆடிய ஓக்லஹோமா சிட்டி அணிக்குப் போனார். முதல் ஆண்டே 55 வெற்றிகள். பருவம் முடிந்ததும் டுராண்ட் கிளம்பிவிட்ட பிறகும் நான்கு ஆண்டுகள் நின்று, பின் 2020இல் சிகாகோவுக்கு மாறினார். 2007இல் அவர் பின்வாங்கியது கோழைத்தனம் அல்ல, எட்டாண்டு முதலீடு என்று இன்று சொல்லலாம்.

போய்த் தோற்றவர்களுக்குத் திரும்பும் வழி உண்டா? இந்தக் கேள்விக்கு விடை பலரும் நினைப்பதைவிடச் சாதகமானது. பிட்டினோ லூயிவில்லுக்குப் போய் 2013இல் பட்டம் வென்றார் (விதிமீறல்களுக்காக அந்தப் பட்டம் பின்னர் நீக்கப்பட்டது வேறு கதை). கலிபாரி மெம்ஃபிஸ் வழியாகக் கென்டக்கிக்குச் சென்று 2012இல் பட்டம் வென்றார். அட்லான்டாவின் என்பிஏ அணியில் தோற்ற லான் குரூகர், 2016இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தை இறுதி நான்குக்கு, அதாவது தேசியத் தொடரின் அரையிறுதிக்கு, கொண்டுபோனார். ஹாய்பெர்க்கை நெப்ராஸ்கா எடுத்துக்கொண்டது. என்பிஏவில் தோற்றவர் என்பது கல்லூரியில் அவமானச் சின்னமாவதில்லை. அங்கே இருந்து வந்தவர் என்பதை, வீரர்களைச் சேர்க்கப் போகும் வீடுகளில் தகுதியாகவே சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் திரும்பி வருவது விட்டுப்போன இடத்துக்கு அல்ல. இதுதான் கணக்கில் பலர் சேர்க்க மறக்கும் செலவு. பிட்டினோ கென்டக்கியை விட்டுப் போன மறு ஆண்டே, 1998இல், டப்பி ஸ்மித்தின் தலைமையில் அந்த அணி தேசியப் பட்டம் வென்றது. ஆடியவர்களில் பெரும்பாலோர் பிட்டினோ சேர்த்த பையன்கள். அவர் பாஸ்டனில் 36 வெற்றி, 46 தோல்வி என்று தள்ளாடிக்கொண்டிருந்த அதே பருவம் அது. நட்டுவைத்த மரம் காய்க்கும்போது பறிக்க அவர் ஊரில் இல்லை.

இருந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷஷெஃப்ஸ்கி. 2004இல் இதே லேக்கர்ஸ் அவரை ஐந்தாண்டுகளுக்கு 4 கோடி டாலர் தருவதாக அழைத்தது. அவர் மறுத்தார். அவருக்குப் பதிலாக வந்த ரூடி டொம்ஜானோவிச் 43 ஆட்டங்களில் விலகினார். அந்த ஆண்டு லேக்கர்ஸ் பிளேஆஃபுக்கே போகவில்லை. ஷஷெஃப்ஸ்கி 2010, 2015 என்று மேலும் இரண்டு பட்டங்கள் வென்று, மொத்தம் ஐந்தோடு, 1,202 வெற்றிகளோடு 2022இல் ஓய்வு பெற்றார். அதைவிட முக்கியமானது இன்னொன்று: என்பிஏவின் பெரிய வீரர்களைப் பயிற்றுவிக்கும் ஆசையை அவர் அமெரிக்க ஒலிம்பிக் அணி மூலம் தீர்த்துக்கொண்டார், 2008, 2012, 2016 மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கம். கோடைகளில் நட்சத்திரங்கள், குளிர்காலத்தில் தன் மாணவர்கள். இந்த ஏற்பாடு வேறு யாருக்கும் எளிதில் வாய்க்காது என்பதால், அவரைக் காட்டி எல்லோரும் இருக்க வேண்டும் என்று வாதிடுவது சரியாகாது. மிஷிகன் ஸ்டேட்டில் 1995 முதல் இருக்கும் டாம் இஸ்ஸோவும், கொன்சாகாவில் 1999 முதல் இருக்கும் மார்க் ஃபியூவுமே சாதாரண மனிதருக்குப் பொருந்தும் சான்றுகள். இஸ்ஸோ 2010இல் கிளீவ்லாண்டின் அழைப்பை நாள்கணக்கில் யோசித்து மறுத்தார். ஃபியூ இதுவரை பட்டம் வென்றதில்லை. 2017, 2021 இறுதி ஆட்டங்களில் தோற்றார். ஆனால் கொன்சாகா இருக்கும் ஸ்போகேன் நகரில் அவருடைய நாற்காலியை யாரும் அசைத்ததில்லை.

இந்தச் சான்றுகள் எல்லாம் பழைய கல்லூரிக்கு உரியவை என்பதுதான் இங்கே சிக்கல். இருப்பதற்கான வலுவான வாதம் கட்டுப்பாடு: நான் சேர்த்த பையன், என் சொல்லைக் கேட்பவன், மூன்று நான்கு ஆண்டுகள் என்னோடு வளர்பவன். 2021இல் அந்த வாதத்தின் அடித்தளம் பெயர்ந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில், வேறு கல்லூரிக்கு மாறும் வீரர் முதல் முறை ஓராண்டு உட்காராமலே ஆடலாம் என்ற விதி வந்தது. ஜூலை 1 முதல் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்கலாம் என்றானது. 2025–26 பருவம் முதல், கல்லூரிகளே தங்கள் விளையாட்டு வீரர்கள் அனைவருக்குமாக ஆண்டுக்கு 2.05 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்தளிக்க நீதிமன்ற உடன்பாடு வழிவிட்டது. இதன் விளைவு, ஒவ்வொரு வசந்தத்திலும் பயிற்சியாளர் தன் சொந்த வீரர்களையே மறுபடி சேர்க்க வேண்டியிருக்கிறது. வீரர்கள் பணம் பெறுவதில் எனக்கு மறுப்பே இல்லை. அவர்கள் வியர்வையில் பல்லாண்டு மற்றவர்கள்தான் செழித்தார்கள். ஆனால் பயிற்சியாளரின் பக்கமிருந்து பார்த்தால், என்பிஏவில் நீண்ட ஒப்பந்தமும் ஊதிய உச்சவரம்பும் தரும் ஒழுங்குகூட இப்போது கல்லூரியில் இல்லை என்பது விசித்திரமான உண்மை.

அந்த விசித்திரம் நான்காவது வழிக்குச் சிலரைத் தள்ளியிருக்கிறது. வில்லனோவாவுக்கு 2016, 2018 பட்டங்களை வென்ற ஜே ரைட், இறுதி நான்கு வரை போன கையோடு 2022 ஏப்ரலில், 60 வயதில் ஓய்வு அறிவித்தார். வர்ஜீனியாவின் டோனி பென்னட் 2024 அக்டோபரில், பருவம் தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது, 55 வயதில் விலகினார்; இப்போதைய சூழலுக்குத் தான் ஏற்ற ஆள் அல்ல என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். சில மாதங்களுக்கு முன்புதான் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தார் என்பதிலிருந்து, இந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதை ஊகிக்கலாம்.

மூன்றாவது வழியான வேறு கல்லூரிக்கு மாறுவதை எடைபோட, ஒரே ஓர் ஆட்டத்திலிருந்து பிரிந்த இரண்டு வாழ்க்கைகள் போதும். 2011 ஏப்ரல் 2 அன்று ஹூஸ்டனில், இறுதி நான்கு ஆட்டத்தில், ஸ்டீவன்ஸின் பட்லர் 70–62 என்று வர்ஜீனியா காமன்வெல்த்தை வென்றது. தோற்ற அணியின் பயிற்சியாளர் ஷாக்கா ஸ்மார்ட். ஸ்டீவன்ஸைவிடச் சில மாதங்களே இளையவர். ஸ்டீவன்ஸ் என்பிஏவுக்குப் போனார். ஸ்மார்ட் 2015இல் பணபலம் மிக்க டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஆறு ஆண்டுகளில் தேசியத் தொடரில் ஓர் ஆட்டம்கூட அவர் அங்கே வெல்லவில்லை. பின்பு 2021இல், கூடைப்பந்தே முதல் விளையாட்டாக இருக்கும் மார்க்கெட் பல்கலைக்கழகத்துக்கு மாறியதும் மறுபடி தலைதூக்கினார். பெரிய கல்லூரி என்பது வேறு, கூடைப்பந்தைப் பெரிதாக நினைக்கும் கல்லூரி என்பது வேறு. அமெரிக்கக் கால்பந்தின் நிழலில் வளரும் இடத்துக்குப் போவது, சம்பளம் எவ்வளவானாலும், இந்த நான்கில் மிகப் பலவீனமான தெரிவு என்பேன். இதற்கு விலக்கு ராய் வில்லியம்ஸ்: 2000இல் தன் பழைய கல்லூரியான நார்த் கரோலினா அழைத்தபோது கேன்சஸிலேயே இருந்தார், 2003இல் மறுபடி அழைத்தபோது போனார், மூன்று பட்டங்கள் வென்றார். அது மாறுதல் அல்ல, வீடு திரும்புதல்.

ஆகவே, முப்பதுகளில் இருக்கும், சிறிய கல்லூரியில் தன்னால் முடிந்த உயரத்தைத் தொட்டுவிட்ட பயிற்சியாளரை, தோற்கத் தயாராக இருக்கும் என்பிஏ அணி அழைத்தால், சம்பளத்தைப் பற்றி அதிகம் பேரம் பேசாமல் அவர் போகலாம். ஆண்டுகளைக் கூட்டிக் கேட்க வேண்டும், அதிகாரத்தை அல்ல. ஐம்பதைக் கடந்த, வீரர்களைத் தானே சேர்த்துத் தானே செதுக்கிப் பழகிய, கத்தியும் குதித்தும் பயிற்றுவிக்கும் மனிதருக்கு அதே அறிவுரையைச் சொல்ல மாட்டேன். ஹர்லிக்கு அப்போது 51 வயது. அவரை அழைத்தது, 39 வயது லெப்ரான் ஜேம்ஸை வைத்துக்கொண்டு உடனே வெல்ல வேண்டிய அணி. பொறுமை என்ற சொல்லுக்கு அங்கே இடமில்லை. பாஸ்டன் 2013இல் ஸ்டீவன்ஸுக்குக் கொடுத்த 57 தோல்விகளை லாஸ் ஏஞ்சலஸ் 2024இல் எவருக்கும் கொடுத்திருக்காது. ஆகவே அவர் மறுத்தது சரியென்றே கருதுகிறேன்.

அவர் தங்கிய ஆண்டு இனிமையாக இருந்துவிடவில்லை. 2024 நவம்பரில் ஹவாயின் மாவி தொடரில் கனெக்டிகட் மூன்று ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்றது. 2025 மார்ச்சில், ராலே நகரில், இரண்டாம் சுற்றிலேயே ஃபுளோரிடாவிடம் 75–77 என்று தோற்று வெளியேறியது; அந்த ஃபுளோரிடாதான் பின்பு பட்டம் வென்றது. லேக்கர்ஸ், அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத ஜேஜே ரெடிக்கை எடுத்துக்கொண்டு அந்தப் பருவத்தில் 50 ஆட்டங்கள் வென்று, முதல் சுற்றில் மினசோட்டாவிடம் தோற்றது. ரெடிக், 2004இல் ஷஷெஃப்ஸ்கி லேக்கர்ஸுக்கு வர மறுத்துத் தங்கிய டியூக்கில், அவரிடம் ஆடிக்கொண்டிருந்த மாணவர்.